மணிக்கு மணி தெரியுமா? விலங்குகளின் நேரக்கணக்கும் எண்ணிக்கையும்

நாகலூர்_காப்பி
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. மகள் சேலத்திலிருந்து நாலரை மணி பஸ்ஸில் வருவாள். நாலு இருபது வாக்கில் மணி எழுந்து போய் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பஸ் வளைவில் ஏறும் சத்தம் கேட்டுத்தான் போகிறது என்பது என் கணவர் கட்சி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டிலேயே இருக்கும்போதும் போகிறது. போன மழையில் பாதையில் மண் சரிந்து பஸ்ஸே வராத அன்றும் போனது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

நாய்க்கு நேரம் தெரியுமா? இதையெல்லாம் யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

குகைத்தெரு
ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடுகிறதே மேடம். மண் சரிந்த அன்று பஸ் இல்லை, சரி. ஆனால் வெயில் சாய்ந்திருக்கும், நீங்கள் காப்பிக்கு அடுப்பு பற்ற வைத்திருப்பீர்கள், பால்காரர் வந்து போயிருப்பார். நாய்க்குத் துப்பு ஆயிரம் இருக்கிறது. இதற்கு நடுவில் "நேரம்" என்று தனியாக ஒன்று எதற்கு?

சூரமங்கலம்_புறா
எங்கள் மாடிப் புறாக்களும் அப்படித்தான். தீனி வைக்கும் நேரத்துக்குக் கால்மணி முன்னாலேயே தட்டைச் சுற்ற ஆரம்பித்துவிடும். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. கையில் எத்தனை பட்டாணி வைத்திருக்கிறேன் என்பதுகூட அவற்றுக்குத் தெரியும். மூன்று இருக்கும் கையை விட்டுவிட்டு ஐந்து இருக்கும் கைக்குத்தான் வரும்.

பழைய_விரிவுரையாளர்
கல்லூரியில் உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் கை சும்மா இருக்காது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு கடிகாரங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்வோம். ஒன்று, இது நாளின் எந்த வேளை என்று காட்டுவது. ஏறக்குறைய 24 மணிநேரச் சுற்றில் ஓடும். மற்றது, ஒன்று நடந்த பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளப்பது. அது நொடி, நிமிடக் கணக்கு. உங்கள் மணி காட்டுவது பெரும்பாலும் முதல் வகை. ஆக்கநிலையிறுத்தல், அதாவது உணவு கொடுத்து விலங்கைப் பழக்கிப் பார்க்கும் சோதனைகளில் அதிகம் ஆராயப்பட்டது இரண்டாவது வகை.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் நாயை எல்லோருக்கும் தெரியும். உணவுக்கு முன் மணியடித்துப் பழக்கினால், பிறகு மணியடித்தாலே எச்சில் ஊறும். எந்தச் சத்தமும் கொடுக்காமல் அதே ஆய்வகத்தில் நடந்த இன்னொரு சோதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 30 நிமிடத்துக்கு ஒருமுறை உணவு வரும், அவ்வளவுதான். பழகிய பிறகு உணவு வராவிட்டாலும் 30வது நிமிடத்தை ஒட்டி நாய்க்கு எச்சில் ஊறியது. நேரம் கடந்ததே அங்கே மணியோசை.

அதன் பின் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். புறா ஒரு பொத்தானைக் கொத்த வேண்டும். கடைசியாக உணவு கிடைத்ததிலிருந்து குறிப்பிட்ட நேரம் ஆன பிறகு கொத்தும் முதல் கொத்துக்கு மட்டும்தான் தானியம். இடையில் எத்தனை முறை கொத்தினாலும் பயனில்லை. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட பதிவுகளைப் பார்த்தால், தானியம் தின்றவுடன் புறா சும்மா நிற்கிறது. நேரம் நெருங்க நெருங்கக் கொத்து கூடுகிறது. தாளில் வரிசையாகக் கிண்ண வளைவுகள்.

குகைத்தெரு
அரைமணிக்கு ஒருமுறை உணவு கொண்டு வருகிறவரின் காலடி நாய்க்குக் கேட்காதா சார்?

பழைய_விரிவுரையாளர்
பாவ்லவுக்கே அந்தப் பயம் இருந்தது தம்பி. வெளிச் சத்தம் வராமல் இருக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தடித்த சுவர்களோடு தனிக் கட்டடமே கட்டினார்கள். சோதிப்பவர் ஓர் அறையில், நாய் இன்னோர் அறையில். ஸ்கின்னர் விலங்கை வைத்த சோதனைப் பெட்டியில் ஆளே கிடையாது, எல்லாம் இயந்திரம்.

ஆனால் இதைவிட நல்ல பதில் வேறு இருக்கிறது. விலங்கு சரியாகச் செய்வதை வைத்து எதையும் நிரூபிப்பது கஷ்டம். அது எப்படித் தப்பு செய்கிறது என்று பார்த்தால்தான் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும். இரவு எழுதுகிறேன், இப்போது ரேஷன் கடைக்குப் போகணும்.

அம்மாப்பேட்டை_கணக்கு
நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சாரின் கடைசி வரியில் மாட்டிக்கொண்டேன். சீக்கிரம் வாருங்கள்.

ஏற்காடு_ஆரஞ்சு
ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் இருக்கும் குரங்குகள் எந்தக் கார் எத்தனை மணிக்கு வரும் என்று நோட்டே போட்டு வைத்திருக்கின்றன. போன வாரம் என் பையிலிருந்த பஜ்ஜிப் பொட்டலம்...

மட்டுறுத்துனர்
குரங்கு பறித்த பொருட்களுக்குத் தனி இழை ஓடுகிறது. அங்கே போடுங்கள். இங்கே நேரமும் எண்ணும்.

பழைய_விரிவுரையாளர்
வந்துவிட்டேன்.

ஸ்கின்னரின் வளைவில் ஒரு குறை உண்டு. உணவு வந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் விலங்கு "இப்போது" என்று எதிர்பார்க்கிறதா, "இனிமேல் எப்போது வேண்டுமானாலும்" என்று எதிர்பார்க்கிறதா என்று பிரிக்க முடியாது. கட்டானியா 1970இல் ஒரு வழி காட்டினார். சேத் ராபர்ட்ஸ் 1981இல் எலிகளை வைத்து அதை விரிவாகச் செய்தார். ஒலி தொடங்கி 20 நொடி கழித்து நெம்புகோலை அழுத்தினால் உணவு. ஆனால் இடையிடையே சில சுற்றுகளில் உணவே வராது. ஒலி மட்டும் நீண்டுகொண்டே போகும். எலி என்ன செய்கிறது? முதலில் அலட்சியம். பிறகு வேகம் ஏறுகிறது. 20 நொடியை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. அதன் பிறகு இறங்குகிறது, "இந்தத் தடவை வராது போலிருக்கிறது" என்பது மாதிரி.

நாகலூர் அம்மா, மண் சரிந்த அன்று மணி எப்போது கேட்டை விட்டு எழுந்தது என்று குறித்து வைத்திருந்தால் அது இந்தச் சோதனையின் வெற்றுச் சுற்று. போன நேரத்தைவிடத் திரும்பி வந்த நேரம்தான் சுவையான தகவல்.

இப்போது தப்புக்கு வருவோம். எல்லாச் சுற்றிலும் உச்சம் 20இலேயே விழாது. 17, 22, 19 என்று சிதறும். இன்னொரு சமிக்ஞைக்கு 40 நொடி என்று பழக்கினால் சிதறலும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இரண்டு வளைவுகளையும் அவற்றுக்குரிய நேரத்தால் வகுத்து ஒரே தாளில் வரைந்தால் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகிறது. எடையைக் கையில் தூக்கிப் பார்ப்பதில் வெபர் கண்ட விதியும் இதுதான். அளவு பெரிதாகப் பெரிதாகப் பிழையும் அதே விகிதத்தில் பெரிதாகும். ஜான் கிப்பன் 1977இல் விலங்குகளின் நேரக்கணக்கு முழுவதையும் இந்த ஒரு விதியின்மேல் நிறுத்திக் காட்டினார்.

அடுப்பு, பால்காரர், காலடி என்று வெளித்துப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு எலி ஓட்டியிருந்தால், பிழை இவ்வளவு ஒழுங்காக நேரத்தோடு சேர்ந்து வளர வேண்டிய அவசியமே இல்லை.

குகைத்தெரு
வெளித்துப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உடம்புத் துப்பு? உணவு கிடைத்ததும் எலி மூலைக்குப் போகிறது, முகம் துடைக்கிறது, இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, நெம்புகோலுக்கு வருகிறது. இந்த வரிசை முடிய 20 நொடி ஆகிறது. அவ்வளவுதான். மூளைக்குள் கடிகாரம் வைத்துப் பார்ப்பது நம் ஆசை.

பழைய_விரிவுரையாளர்
தம்பி சொல்வது சும்மா வாதம் இல்லை. கில்லீனும் ஃபெட்டர்மனும் 1988இல் முன்வைத்த கொள்கை ஏறக்குறைய இதுதான். விலங்கு தன் நடத்தைகளின் வரிசையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது என்றார்கள். புறாக்கள் காத்திருக்கும்போது ஒரே மாதிரி வேலைகளை அடுத்தடுத்துச் செய்வது கண்ணால் பார்த்த விஷயம். அதை முழுக்கத் தள்ள நான் தயாரில்லை.

ஆனால் ராபர்ட்ஸ் செய்த இன்னொரு வேலையைப் பாருங்கள். சமிக்ஞை ஓடும்போதே நடுவில் சில நொடி நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். எலியின் உச்சம் கிட்டத்தட்ட அந்த இடைவெளி அளவுக்குத் தள்ளிப்போனது. ஸ்டாப்வாட்சை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து ஓட்டியது போல. அந்த இடைவெளியில் எலி கால் கட்டி உட்கார்ந்திருக்கவில்லை, நடமாடிக்கொண்டுதான் இருந்தது. உடம்பு வரிசைதான் கடிகாரம் என்றால் அது பாட்டுக்கு ஓடியிருக்க வேண்டும்.

புறாக்காரருக்கு ஒரு தகவல். இதையே புறாவிடம் செய்தபோது அது பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. இடைவெளியை எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும் என்று பிறகு தெரிந்தது. அதனால் எலி புத்திசாலி, புறா மக்கு என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

சூரமங்கலம்_புறா
எழுதினால் விடுவேனா.

சார், பட்டாணிக் கதை என்ன ஆயிற்று? எல்லோரும் நேரத்திலேயே நிற்கிறீர்கள்.

அம்மாப்பேட்டை_கணக்கு
நான் கேட்க வந்ததும் அதுதான் அண்ணா. ஆனால் உங்கள் பட்டாணியில் எனக்கு ஒரு சந்தேகம். ஐந்து பட்டாணி மூன்றைவிட அதிக இடத்தை அடைக்கும். புறா எண்ணிப் பார்த்ததா, பச்சை நிறம் எந்தக் கையில் அதிகம் தெரிகிறது என்று பார்த்ததா?

பழைய_விரிவுரையாளர்
டீச்சர் ஒரே கேள்வியில் நூறு வருட ஆராய்ச்சியின் தலைவலியைச் சொல்லிவிட்டார். எண்ணிக்கை தனியாக வருவதே இல்லை. பொருள் கூடினால் பரப்பு கூடும். ஒலிகள் கூடினால் மொத்த நேரம் கூடும். அதனால் விலங்கு எண்ணியது என்று சொல்வதற்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றியாக வேண்டும். கூட இருக்கும் வேறு எதுவும் உதவாதபோதுதான் விலங்கு கடைசி வழியாக எண்ணிக்கைக்குப் போகிறது என்று 1980களில் ஒரு கட்சி இருந்தது. இல்லை, சாதாரணமாகவே எண்ணுகிறது என்று இன்னொரு கட்சி. இன்னும் ஒருவரை ஒருவர் முழுக்கத் தோற்கடித்ததாகச் சொல்ல முடியாது.

மெக்னர் 1958இல் எலிகளுக்கு வைத்த பரீட்சை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு நெம்புகோல். முதலாவதைக் குறிப்பிட்ட தடவை அழுத்திவிட்டு இரண்டாவதற்குப் போனால் உணவு. 4, 8, 12, 16 என்று இலக்கு மாறும். குறைவாக அழுத்திவிட்டுத் தாவினால் அந்தச் சுற்று போச்சு. எலிகள் இலக்கைக் கொஞ்சம் தாண்டியே அழுத்தின. ஜாக்கிரதை உணர்ச்சி. இலக்கு பெரிதாகப் பெரிதாக அழுத்தல்களின் சிதறலும் பெரிதானது.

குகைத்தெரு உடனே கேட்பார், 8 தடவை அழுத்த ஆகும் நேரத்தைத்தானே எலி அளக்கிறது என்று. அதற்காகவே மெக்னரும் குவெரேக்கியனும் 1962இல் எலிகளின் பசியை மாற்றிப் பார்த்தார்கள். பசித்த எலி படபடவென்று அழுத்தும், மொத்த நேரம் குறையும். அழுத்திய எண்ணிக்கை மாறவில்லை.

குகைத்தெரு
நான் கேட்பதற்கு முன்பே பதில் போட்டால் எப்படி சார்.

இது நல்ல சோதனைதான். ஆனால் அழுத்துவது எலியின் சொந்த வேலை. தன் கை அசைவை எண்ணுவதும் வெளியே நடப்பதை எண்ணுவதும் ஒன்றா?

பழைய_விரிவுரையாளர்
அதற்கு மெக், சர்ச் இருவரும் 1983இல் செய்தது இருக்கிறது. இந்த இழையில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எலிக்கு ஒலித் துடிப்புகள் கேட்கும். 2 நொடியில் 2 துடிப்பு வந்தால் இடது நெம்புகோல். 8 நொடியில் 8 துடிப்பு வந்தால் வலது. பழக்கும்போது நேரமும் எண்ணும் கைகோத்தே வருகின்றன, எலி எதைப் பிடித்துக்கொண்டாலும் உணவு உண்டு. பழகிய பிறகு பிரித்தார்கள். மொத்த நேரத்தை 4 நொடியில் நிறுத்திவிட்டுத் துடிப்பை மட்டும் 2 முதல் 8 வரை மாற்றினார்கள். எலி எண்ணிக்கையை வைத்துப் பதில் சொன்னது. துடிப்பை 4இல் நிறுத்திவிட்டு நேரத்தை 2 முதல் 8 நொடி வரை மாற்றினார்கள். எலி நேரத்தை வைத்துப் பதில் சொன்னது. யாரும் எண்ணச் சொல்லவில்லை, யாரும் நேரம் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே எடுத்து வைத்திருக்கிறது.

அதைவிட ஆச்சரியம், இரண்டு வரைபடமும் ஒன்றுபோல இருந்தன. மெத்தாம்ஃபெடமின் என்ற ஊக்கமருந்து கொடுத்தபோது இரண்டுமே ஒரே அளவு, சுமார் 10 விழுக்காடு, ஒரே பக்கம் நகர்ந்தன. இது வேறு கருவி, அது வேறு கருவி என்றால் ஒரே மருந்துக்கு இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்து நகர வேண்டும்?

அவர்களின் விளக்கத்தை நம் ஊர் பாணியில் சொன்னால், ஒழுகிக்கொண்டே இருக்கும் குழாய்க்கு அடியில் ஒரு குடம். சமிக்ஞை இருக்கும் வரை குழாய் திறந்தே இருந்தால் குடத்தில் சேர்ந்த தண்ணீர் நேரத்தைச் சொல்லும். ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிது நேரம் மட்டும் திறந்து மூடினால் அதே குடம் எண்ணிக்கையைச் சொல்லும். மருந்து ஒழுகும் வேகத்தைக் கூட்டுகிறது, அதனால் இரண்டு கணக்கும் சேர்ந்தே தப்பாகிறது.

அம்மாப்பேட்டை_கணக்கு
2க்கும் 8க்கும் நடுவில் எலி எந்த இடத்தில் "தெரியவில்லை, பாதிக்குப் பாதி" என்று குழம்பியது? 5தானே?

பழைய_விரிவுரையாளர்
இல்லை டீச்சர். 4.

அம்மாப்பேட்டை_கணக்கு
அட! 2ஐயும் 8ஐயும் பெருக்கினால் 16, அதன் வர்க்கமூலம் 4. கூட்டுச் சராசரி இல்லை, பெருக்குச் சராசரி! 2 எத்தனை மடங்கானால் 4 ஆகும், 4 எத்தனை மடங்கானால் 8 ஆகும், இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் எலியின் தலைக்குள் சம மடங்குகளைச் சம தூரமாகக் காட்டும் மடக்கை (log) அளவுகோல் இருக்கிறது என்று அர்த்தமா? பத்தாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லலாம் என்று இப்போதே யோசிக்கிறேன்.

பழைய_விரிவுரையாளர்
சர்ச்சும் டெலூட்டியும் 1977இலேயே நேரத்தில் இதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் மடக்கை என்று வகுப்பில் அடித்துச் சொல்லிவிடாதீர்கள். அளவுகோல் சாதாரண நேர்க்கோடாகவே இருந்து, பிழை மட்டும் அளவோடு சேர்ந்து பெருத்தாலும் நடுப்புள்ளி 4இல்தான் விழும். ஏனென்றால் 8இன் நினைவு அகலமாகப் பரவிக் கிடக்கிறது, 2இன் நினைவு குறுகலாக இருக்கிறது. இரண்டையும் விகிதத்தால் ஒப்பிட்டால் 5இல் நிற்கும்போது 8இன் பக்கம்தான் இழுக்கும். கிப்பன் கட்சி இதுதான். இந்த ஒரு புள்ளியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வாழவந்தி_தேன்
நேற்று முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வாழவந்திப் பக்கம் தேனீப் பெட்டிகள் உண்டு. காப்பிக்குப் பூமழை விழுந்து தோட்டம் வெள்ளையாக மாறும் நாட்களில் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. எலி, புறா எல்லாம் சரி, தேனீயை விட்டுவிட்டீர்களே.

இந்த நாள்-கடிகாரத்தைத் தேனீயிடம்தான் மிக அழகாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஃபொரெல் என்பவர் வெளியில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவார். ஜாமுக்குத் தேனீ வரும். ஜாம் இல்லாத நாளிலும் அதே வேளைக்கு வந்து நின்றன. 1929இல் இங்கபோர்க் பேலிங் குறிப்பிட்ட மணிக்கு மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினார். 24 மணிக்கு ஒருமுறை என்றால் கற்றுக்கொண்டன. 19 மணிக்கு ஒருமுறை என்றால் கற்கவே இல்லை.

குகைத்தெரு மாதிரி ஒருவர் அங்கேயும் இருந்திருப்பார் போல. வெயில், வெப்பம், ஏதோ ஒன்று சொல்லிக்கொடுக்கிறது என்ற சந்தேகம் தீரவில்லை. அதனால் 1955இல் ரென்னர் பாரிஸில் மூடிய அறைக்குள் பழக்கிய தேனீக்களை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கே அதே மாதிரி மூடிய அறை. தேனீக்கள் பாரிஸ் மணிக்கே தட்டுக்கு வந்தன.

குகைத்தெரு
இது பிடித்திருக்கிறது. விமான டிக்கெட் போட்டு சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் விஞ்ஞானம்.

தேனீ எண்ணுமா?

வாழவந்தி_தேன்
நாலு வரை என்கிறார்கள். 1995இல் சிட்காவும் கைகரும் கூட்டிலிருந்து உணவு வரை வழியில் வரிசையாகக் கூடாரம் போட்டு, பிறகு கூடாரங்களின் எண்ணிக்கையை மாற்றினார்கள். பெரும்பாலான தேனீ தூரத்தையே நம்பியது. ஆனால் கூடாரத்தை நெருக்கிப் போட்டபோது சில தேனீக்கள் முன்னாலேயே இறங்கின. 2008இல் மேரி டாக்கேயும் ஸ்ரீனிவாசனும் சுரங்கம் மாதிரி ஒரு குழாயில் செய்தார்கள். அடையாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் தூரத்தை நம்பிப் பயனில்லை. மூன்றாவது அடையாளத்தில் உணவு என்று பழகிய தேனீ மூன்றாவதிலேயே தேடியது. நாலுக்கு மேல் போனால் குழப்பம். ஸ்ரீனிவாசன் பெங்களூரில் படித்தவர், நமக்குப் பக்கத்து ஊர்தான்.

நாகலூர்_காப்பி
நான் கேட்டது ஒரு நாயைப் பற்றி. இப்போது தேனீ விமானத்தில் போகிறது. நன்றாக இருக்கிறது, நிறுத்தாதீர்கள். தேன்சிட்டு பற்றி எதுவும் உண்டா? வாசலில் இருக்கும் செம்பருத்திக்கு ஒரே சிட்டு விட்டு விட்டு வருகிறது. தேன் ஊறும் வரை காத்திருந்து வருகிறதா?

பழைய_விரிவுரையாளர்
நம் தேன்சிட்டை வைத்துச் செய்ததை நான் படித்ததில்லை. கனடாவின் மலைப்பகுதியில் காட்டு ரீங்காரச் சிட்டுகளை (ஹம்மிங்பேர்டு) வைத்து 2006இல் செய்தது உண்டு. எட்டுச் செயற்கைப் பூக்கள். நாலு பூவில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரைத் தண்ணீர் நிரப்புவார்கள், நாலு பூவில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை. 10 நிமிடப் பூவுக்குச் சீக்கிரமும் 20 நிமிடப் பூவுக்குத் தாமதமுமாக வந்தது. இடையில் எதிரியை விரட்டுவது, பூச்சி பிடிப்பது என்று தன் பிழைப்பையும் பார்த்துக்கொண்டு, எட்டுப் பூவின் கணக்கையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. பெட்டிக்குள் எலி செய்வதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏற்காடு_ஆரஞ்சு
குரங்கு பற்றிக் கேட்கலாமா? பஜ்ஜி இல்லாமல்.

பழைய_விரிவுரையாளர்
தாராளமாக. பிரானனும் டெர்ரஸும் 1998இல் இரண்டு ரீசஸ் குரங்குகளுக்குத் திரையில் 1 முதல் 4 வரை பொருட்கள் உள்ள படங்களைக் காட்டி, ஏறுவரிசையில் தொடப் பழக்கினார்கள். உருவம், அளவு, நிறம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். டீச்சர் சொன்ன பரப்புத் துப்பு அங்கே செல்லாது. பிறகு பழக்காத 5 முதல் 9 வரையிலும் சிறியது முதல், பெரியது பின் என்று சரியாகத் தொட்டன. அங்கேயும் 2க்கும் 9க்கும் பிழை குறைவு, 8க்கும் 9க்கும் பிழை அதிகம்.

குகைத்தெரு
எல்லோரும் ஒரு குதிரையை மறந்துவிட்டீர்கள். பெர்லினில் ஃபான் ஓஸ்டன் என்பவரின் குதிரை ஹான்ஸ். கூட்டல் கேட்டால் குளம்பைத் தட்டிச் சரியாகப் பதில் சொல்லும். 1904இல் குழு போட்டு விசாரித்தார்கள், மோசடி எதுவும் கிடைக்கவில்லை. ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் பொறுமையாகப் பார்த்து 1907இல் எழுதினார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை அறியாமல் லேசாக அசையும், குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். யாரும் ஏமாற்றவில்லை, எல்லோரும் ஏமாந்தார்கள். புறாக்கார அண்ணனின் பட்டாணிக் கையும் ஐந்தின் பக்கம் கொஞ்சம் முன்னால் நீளும் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

சூரமங்கலம்_புறா
பந்தயம் எனக்குப் புதிதில்லை தம்பி, புறா வளர்க்கிறவன். என்ன செய்யணும் என்று சொல்லுங்கள், செய்துவிடலாம்.

அம்மாப்பேட்டை_கணக்கு
அதற்கு முன்னால் ஒன்று. எட்டாம் வகுப்பில் புளியங்கொட்டையைக் கைநிறைய மேசையில் வீசி, உடனே துணியால் மூடி, எத்தனை என்று எழுதச் சொன்னேன். மூன்று, நாலு வரை வகுப்பே சரி. ஏழு, எட்டு வந்ததும் ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். பதினைந்துக்கு மேல் போனால் விடைகள் பத்திலிருந்து இருபது வரை சிதறின. சார் சொன்ன எலி வளைவு மாதிரியே இருந்தது. பல்லாங்குழி ஆடுகிற ஒரு பெண் மட்டும் மற்றவர்களைவிட நெருக்கமாகச் சொன்னாள்.

பழைய_விரிவுரையாளர்
பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1871இல் இதையே தனியாக உட்கார்ந்து செய்தார். கொட்டைக்குப் பதில் பீன்ஸ் விதை. ஆயிரம் தடவைக்கும் மேல் வீசி, கண்ணால் பார்த்ததும் எண்ணைச் சொல்லி, பிறகு எண்ணிச் சரிபார்த்தார். மூன்றிலும் நாலிலும் ஒருமுறைகூடத் தப்பில்லை. ஐந்திலிருந்து பிழை தொடங்கி எண்ணோடு சேர்ந்து வளர்ந்தது. சொல்லால் எண்ண விடாமல் தடுத்துவிட்டால் நாமும் எலியும் பிழைவிடும் விதம் ஒன்றுபோலத்தான். அதனால்தான் துணியைச் சீக்கிரம் மூடணும் டீச்சர்.

சூரமங்கலம்_புறா
என் பரீட்சைக்கு வாருங்கள். பட்டாணி வேண்டாம், பரப்புத் தகராறு. புறாவை இறக்க நான் விசில் அடிப்பேன். இரண்டு விசில் என்றால் சிவப்புத் தட்டில் தீனி, நாலு விசில் என்றால் நீலத் தட்டில். சரிதானே?

பழைய_விரிவுரையாளர்
நாலு விசில் இரண்டைவிட நீளம், புறா நேரத்தை அளந்துவிட்டுப் போகும். சில சமயம் இரண்டு விசிலை இழுத்து அடியுங்கள், சில சமயம் நாலை வெடுக் வெடுக்கென்று அடியுங்கள். மொத்த நேரம் எண்ணோடு ஒட்டக்கூடாது. விசில்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். பழகிய பிறகு மூன்று விசில் அடித்தால் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று குறியுங்கள்.

குகைத்தெரு
தட்டுகளை அவ்வப்போது இடம் மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் நிறத்தை விட்டுவிட்டு இடத்தைப் படிக்கும். தீனி எந்தத் தட்டிலும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. முக்கியமாக அண்ணன் புறாவின் பார்வையில் நிற்கக்கூடாது. எத்தனை விசில் என்று சீட்டு எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், எந்தத் தட்டு என்று பார்த்து எழுதுபவர் இன்னொருவர். எழுதுபவருக்கு விசில் கேட்கக்கூடாது, காதில் பாட்டு போட்டுக்கொள்ளட்டும்.

அம்மாப்பேட்டை_கணக்கு
மூன்று விசிலுக்கு முடிவு சரிபாதியாக வராது என்பது என் கணிப்பு. 2க்கும் 4க்கும் பெருக்குச் சராசரி 2.8. அதனால் மூன்றுக்கு நீலத் தட்டு கொஞ்சம் அதிகம் வரணும். கணக்கு நான் போட்டுக் கொடுக்கிறேன், எழுதிய தாளை மட்டும் அப்படியே போடுங்கள்.

சூரமங்கலம்_புறா
ஆள் மறைய மாடியில் இடம் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அடிக்கிறேன், பழைய வேட்டி ஒன்றைக் கொடியில் கட்டிக்கொள்கிறேன். எழுத வருகிறவர் யார் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை வேண்டாம், அன்று பறக்கவிடும் நாள். எந்தப் புறாவும் பாடம் படிக்காது.

குகைத்தெரு
நான் வருகிறேன். ஞாயிறு காலை. டீ மட்டும் போடுங்கள் அண்ணா, எந்த மணிக்கு என்று புறாவுக்குத் தெரிய வேண்டாம்.